வரலாற்றுக் கட்டடத்தில் ‘சாப்பிட மட்டும்’ போகிறவர்களுக்கு



லண்டன் மாநகரில் கல்வி கற்கவும் பணியாற்றவும் வந்து குடியேறிய நம் தமிழ் முஸ்லிம்கள் சிலரிடையே ஒரு புதிய வழக்கம் தலைகாட்டுகிறது. விடுமுறை நாளில் குடும்பத்துடன் பழைமையான ஒரு பப்பிற்குச் செல்கிறார்கள். கரிய மர உத்தரம், தாழ்ந்த கூரை, எரியும் கணப்பு, தேய்ந்துபோன கல்தளம். இவற்றின் பின்னணியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்த தட்டைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். படத்தின் கீழே தவறாமல் ஒரு குறிப்பு இருக்கும்: குடிக்கப் போகவில்லை, சாப்பிட மட்டும்தான், இது முந்நூறு ஆண்டு வரலாறு கொண்ட கட்டடம். அந்தக் குறிப்பை எழுதவேண்டிய தேவை தமக்கு ஏன் ஏற்பட்டது என்று அவர்கள் ஒரு கணம் தம்மைத் தாமே கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

இதே சகோதரர் ஊருக்கு வரும்போது டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில் மனைவி மக்களுடன் அமர்ந்து, ‘இங்கே முட்டைப் பொரியல் அருமையாக இருக்கும், நாங்கள் சாப்பிட மட்டும்தான் வந்தோம்’ என்று சொல்வாரா? சொல்லமாட்டார். அந்தப் பக்கமாக நடந்து செல்வதைக்கூட ஜமாஅத்தார் எவரும் பார்த்துவிடக் கூடாதென்று தெருவை மாற்றிக்கொள்வார். இரண்டு இடங்களிலும் விற்கப்படுவது ஒன்றே. அங்கே நெகிழிக் குவளை. இங்கே கண்ணாடிக் கோப்பை. அங்கே தகரக் கூரை. இங்கே ஓக் மரக் கூரை. மார்க்கம் விலக்கியது மதுவையா, தகரக் கூரையையா? ஏழையின் மதுக்கடையைக் கண்டால் முகஞ்சுளிப்பதும், வெள்ளைக்காரரின் மதுவிடுதியைக் கண்டால் ‘பாரம்பரியம்’ என்று மெய்சிலிர்ப்பதும் ஈமானின் அடையாளமல்ல. அது நூறாண்டுகளுக்கு மேலாக நமக்குள் ஊறிக்கிடக்கும் அடிமை மனப்பான்மையின் எச்சம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பிற சமயத்தவருடன் அமர்ந்து உண்பதை இக்கட்டுரை குறைகூறவில்லை. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் யூதர்களின் விருந்தழைப்பை ஏற்றிருக்கிறார்கள். வேதம் அருளப்பட்டோரின் உணவு நமக்கு ஆகுமானது என்று திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. அண்டை வீட்டாருடனும் அலுவலகத் தோழர்களுடனும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணாத முஸ்லிம் இந்த நாட்டில் தன் மார்க்கத்தைப் பற்றித் தவறான செய்தியையே பரப்புகிறார். நம் கேள்வி யாருடன் அமர்வது என்பதன்று. எதன் முன்னே அமர்வது என்பதே.

அந்தக் கேள்விக்கு நபிமொழியில் நேரான விடை இருக்கிறது. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிறவர், மது சுற்றிவரும் உணவு விரிப்பில் அமர வேண்டாம் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தி திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. குடிக்க வேண்டாம் என்று மட்டும் அது சொல்லவில்லை. அமர வேண்டாம் என்கிறது. குடிப்பதற்கான தடை வேறிடத்தில் தனியே வந்துவிட்டது. ஆகவே ‘நான் குடிக்கவில்லையே’ என்பது கேட்கப்படாத கேள்விக்குச் சொல்லப்படும் விடை.

தஃப்சீர் நூல்களில் ஒரு செய்தி உண்டு. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் மது அருந்திய கூட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அவர்களுள் ஒருவர் நோன்பாளி, அவர் அருந்தவில்லை என்று சொல்லப்பட்டபோதும், அந்தச் சபையில் அமர்ந்திருந்தமைக்காக அவரையும் கலீஃபா தண்டனையிலிருந்து விலக்கவில்லை. இறைவசனங்கள் பரிகசிக்கப்படும் சபையில் உடன் அமர்ந்திருப்போரைப் பற்றிய நான்காம் அத்தியாயத்தின் வசனத்தை அவர்கள் அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். இன்று நம் சகோதரர் நோன்பும் வைக்கவில்லை, மீன்தான் சாப்பிடுகிறார். அதையே தக்வா என்று எண்ணிக்கொள்கிறார்.

உலமாக்கள் வேறுபாடு காட்டியிருக்கிறார்களே என்பீர்கள். ஆம், காட்டியிருக்கிறார்கள். மது பரிமாறப்படும் அதே மேசையில் அமர்வதும், உணவகத்தின் இன்னொரு மூலையில் வேறெவரோ அருந்த, நாம் தனியே அமர்ந்து உண்பதும் ஒன்றல்ல என்று கூறும் அறிஞர்கள் உள்ளனர். பயணி ஒருவர் பசியோடு இருக்கையில் வேறு உணவிடமே இல்லையென்றால் அதற்குரிய சலுகையும் வேறு. ஐரோப்பாவில் வாழ்வோருக்கு இந்த வேறுபாடுகள் தேவை. அவற்றைக் கேலி செய்ய இங்கு இடமில்லை. ஆனால் உணவகத்தில் மதுவும் இருப்பது வேறு. மதுவிடுதியில் உணவும் இருப்பது வேறு. பப் என்பது இரண்டாம் வகை. அதன் நடுவே நிற்பது மது ஊற்றும் நீண்ட மேடை.  பல பப்புகளில் உணவை வாங்கவும் அந்த மேடைக்குத்தான் செல்ல வேண்டும். ஐந்து நிமிட நடையில் ஹலால் உணவகம் இருக்கும் லண்டனில், ‘நிர்ப்பந்தம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்குச் சிறிதாவது கூச்சம் வேண்டாமா?

தட்டில் இருப்பதையும் பார்ப்போம். மீன்தானே, அறுப்பு முறையைப் பற்றிய கேள்வியே எழாதே என்கிறார்கள். இந்நாட்டு பப்புகளில் மீனைத் தோய்த்துப் பொரிக்கும் மாவைப் பெரும்பாலும் பியர் ஊற்றியே கரைக்கிறார்கள். மொறுமொறுப்புக்காகச் செய்வது அது. உணவுப் பட்டியலிலேயே பெருமையாக எழுதியும் வைக்கிறார்கள். ஆட்டிறைச்சிக் குழம்பில் சிவப்பு ஒயின், மாட்டிறைச்சிப் பையில் ஏல் என்னும் பியர், கிறிஸ்துமஸ் கால இனிப்பில் பிராந்தி. உருளைக்கிழங்கு வறுவல் எந்த எண்ணெயில் வெந்தது, அதற்குமுன் அதில் என்ன பொரிந்தது என்பதைக் கேட்டறிந்த சகோதரர் எத்தனை பேர்? கேட்டால் உடன் வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறார். கேட்கத் தயங்கும் இடத்துக்கு ஏன் போக வேண்டும்?

இனி அந்த வரலாற்றுக்கு வருவோம். இவர்களின் வாதத்தில் நான் மிகவும் மறுக்க விரும்புவது இந்தப் பகுதியைத்தான். இதில் மார்க்கத்துக்கு மட்டுமன்றி வரலாற்றுக்கும் அநீதி இழைக்கப்படுகிறது.

நம்மவர் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்று தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் சதர்க் பகுதியில் உள்ள ஜார்ஜ் இன். இடைக்காலத்திலிருந்தே அங்கே ஒரு வண்டிச் சத்திரம் இருந்தது. 1676இல் சதர்க்கை எரித்த பெருந்தீக்குப்பின் 1677இல் இன்றைய கட்டடம் எழுந்தது. முற்றத்தைப் பார்த்தபடி அடுக்கடுக்காக மரத் தாழ்வாரங்கள். லண்டனில் அத்தகைய தாழ்வாரச் சத்திரம் இது ஒன்றே எஞ்சியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ரயில்வே நிறுவனம் சரக்குக் கிடங்குக்காகப் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. தென்பக்கம் மட்டுமே தப்பியது. 1937இல் அது நேஷனல் டிரஸ்ட் என்னும் பாரம்பரியக் காப்பு அமைப்பின் உடைமையாயிற்று. இத்தனையும் அறிந்துகொள்ளத் தக்கவை. பிள்ளைகளுக்குக் காட்டத் தக்கவை. ஆனால் அந்தத் தாழ்வாரங்கள் தெரிவது முற்றத்திலிருந்துதான்! பெருந்தெருவிலிருந்து உள்ளே திரும்பி முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். பார்த்துவிட்டு வெளியேறுவதற்கு எவரும் காசு கேட்பதில்லை. கட்டடக்கலை மீதுதான் காதல் என்றால் அது பத்து நிமிடத்தில் நிறைவேறிவிடும். உள்ளே மேசை பிடித்து இரண்டு மணிநேரம் அமரத் தூண்டுவது வேறொரு காதல்.

ஃப்ளீட் தெருவில் இருக்கும் செஷயர் சீஸ் மதுவிடுதி இன்னொன்று. 1666இன் லண்டன் பெருந்தீக்குப்பின் 1667இல் திரும்பக் கட்டப்பட்டது. அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனின் பெயரைச் சொல்லி அங்கே கூட்டம் சேர்கிறது. அவர் வாழ்ந்த வீடு அருகிலேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. அதற்குள் நுழைவோர் சிலரே. அந்த ஜான்சன் தம் வாழ்நாளில் நெடுங்காலம் மதுவை அறவே விட்டுவிட்டுத் தேநீரிலேயே காலங்கழித்தவர் என்பது அவர் பெயரால் கோப்பை உயர்த்துவோருக்கு நினைவிருப்பதில்லை.

லண்டனின் வரலாற்றை அறியவேண்டுமென்ற ஆவல் மெய்யாகவே இருந்தால், முஸ்லிம்கள் முதலில் போகவேண்டிய இடம் கார்ன்ஹில் தெருவை ஒட்டிய செயின்ட் மைக்கேல்ஸ் சந்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

காஃபி யமன் நாட்டில் பிறந்த பானம். 15ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சூஃபிகள் இரவு திக்ருகளில் விழித்திருப்பதற்காக அதை அருந்தினார்கள். அங்கிருந்து மக்காவுக்கு வந்தது. 1511இல் மக்காவின் அதிகாரி காயிர் பேக், பள்ளியருகே சிலர் இரவில் கூடி, மதுச் சபையைப் போலக் கோப்பையைக் கைமாற்றிப் பருகுவதைக் கண்டு, அறிஞர்களைக் கூட்டி அதற்குத் தடை விதித்தார். கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணையோ பானத்தைத் தடை செய்யவில்லை. அதைச் சூழ்ந்து நடக்கும் தகாத கூட்டங்களையே கண்டித்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஹலாலான பானத்தை மதுச் சபையின் பாணியில் பருகலாமா என்று கவலைப்பட்டார்கள் அன்றையோர். மதுச் சபையிலேயே அமர்ந்துகொண்டு, தட்டு ஹலால்தானே என்கிறார்கள் இன்றையோர்.

16ஆம் நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லில் காஃபிக் கடைகள் திறக்கப்பட்டன. மது இல்லாமல் மக்கள் கூடிப் பேச, கதை கேட்க, சதுரங்கம் ஆட ஓரிடம் கிடைத்தது. அந்த வழக்கத்தை உஸ்மானியப் பேரரசின் ஸ்மிர்னா துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்தவர் பாஸ்குவா ரோசே என்பவர். லெவன்ட் வணிகர் டேனியல் எட்வர்ட்ஸின் பணியாளர். 1652இல் செயின்ட் மைக்கேல்ஸ் சந்தில் அவர் தொடங்கியதே லண்டனின் முதல் காஃபிக் கடை.

அதன்பின் நடந்ததுதான் நம் அலுவலகச் சகோதரர்கள் மனத்தில் இருத்த வேண்டியது. காலையிலிருந்தே பியரில் மிதந்த வணிகர்கள் தெளிந்த தலையோடு கணக்குப் பேச இடம் கிடைத்தது. எட்வர்ட் லாயிட் 1680களில் நடத்திய காஃபிக் கடையில் கப்பல் உரிமையாளர்கள் கூடியதிலிருந்து பிறந்ததே லாயிட்ஸ் என்னும் உலகக் காப்பீட்டுச் சந்தை. ஜொனாதன்ஸ் என்ற காஃபிக் கடையில் 1698இல் ஜான் காஸ்டெயிங் வெளியிடத் தொடங்கிய விலைப்பட்டியலே லண்டன் பங்குச் சந்தையின் முன்னோடி. அங்கே நடந்த பேச்சுக்கு அஞ்சி, 1675 டிசம்பர் இறுதியில் இரண்டாம் சார்லஸ் மன்னர் காஃபிக் கடைகளை மூட ஆணையிட்டார். எதிர்ப்பைக் கண்டு சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார். அக்கடைகளைப் புனிதத் தலங்களாக நான் காட்டவில்லை. அடிமை வாணிபக் கப்பல்களும் லாயிட்ஸில்தான் காப்பீடு செய்யப்பட்டன. அந்தக் கறை பெரிது. ஆனால் ‘பப்பில் அமராமல் இந்த ஊரில் தொழில் செய்ய முடியாது’ என்று நமக்குச் சொல்லப்படுகிறதே, அது பொய். இந்த ஊரின் தலையாய தொழில்கள் முஸ்லிம் நாடுகளிலிருந்து வந்த பானத்தைச் சுற்றி அமர்ந்தே உருவாயின.

அந்த முதல் கடை இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது தெரியுமா? ஜமைக்கா ஒயின் ஹவுஸ். 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், சுவரில் 1652ஐக் குறிக்கும் பலகை, உள்ளே மது. நம்மவர் அங்கும் சாப்பிடப் போவார். பலகையைப் படமெடுத்துக்கொண்டு உள்ளே நுழைவார்.

பதவி உயர்வின் கதைக்கு வருகிறேன். இளம் பொறியாளர், கணக்காளர், மருத்துவர் ஆகியோரிடமிருந்து வரும் கேள்விகளில் இது உண்மையான வேதனையுடன் வருவது. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மாலை குழு முழுவதும் பப்பிற்குப் போகிறது. அடுத்த திட்டம் யாருக்கு, மேலாளர் யாரை நம்புகிறார் என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. வீட்டுக்குப் போனவர் மறுநாள் காலை அந்நியராகிறார். இது அநீதி. இந்த அநீதிக்கு முதற்பொறுப்பு அப்படி ஒரு வழக்கத்தை வைத்திருக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தது. நம் சகோதரரைச் சேர்ந்ததன்று. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சமய நம்பிக்கையைப் பாதுகாக்கப்பட்ட இயல்புகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. வழக்குத் தொடரச் சொல்லவில்லை. வாய்திறந்து கேட்கச் சொல்கிறேன். ‘நான் மது இருக்கும் இடத்தில் அமர்வதில்லை. மாதம் ஒருமுறையாவது மதிய உணவாக வைத்துக்கொள்ள முடியுமா?’ என்று கேட்கலாம். அவ்வளவுதான். கேட்டால் உங்களோடு சேர்ந்து மூச்சுவிடுவோர் பலர் இருப்பார்கள். மதுப் பழக்கத்திலிருந்து போராடி மீண்டவர், கருவுற்றிருக்கும் சகோதரி, மாலையில் பிள்ளையை அழைத்துவர வேண்டிய தாய், கார் ஓட்டிச் செல்ல வேண்டியவர் ஆகியோரும் அந்த மேசையில் வாய்மூடி அமர்ந்திருப்பவர்களே. கையில் ஆரஞ்சுச் சாற்றை வைத்துக்கொண்டு சிரித்தபடி அமர்ந்திருக்கும் முஸ்லிம், ‘இவருக்கு இதில் ஒன்றுமில்லை’ என்று மேலாளர் நினைக்க உதவுகிறார். அடுத்து அக்குழுவில் சேரும் முஸ்லிம் இளைஞர் மறுக்கும்போது, ‘முன்பிருந்தவர் வந்தாரே, நீ மட்டும் ஏன்?’ என்ற கேள்வியை அவருக்கு விட்டுச் செல்கிறார்.

பப்பின் சமையலறைக் கதவுக்கு அப்பாலும் நம்மவர் இருக்கிறார்கள். மாணவர் விசாவில் வந்து, கல்விக்காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம் மட்டுமே வேலை செய்ய அனுமதி பெற்ற நம் ஊர்ப் பிள்ளைகள். கடன் வாங்கி வந்தவர்கள். வாடகைக்காகப் பாத்திரம் கழுவுகிறார்கள். சில வேளை கோப்பைகளையும் சுமக்கிறார்கள். மதுவோடு தொடர்புடைய பத்து வகையினர் மீது சாபம் உண்டென்னும் நபிமொழியில் சுமப்பவரும் இருக்கிறார். அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்து இரவில் உறக்கமின்றிப் புரள்கிறார்கள். வேறு வேலை கிடைக்குமா என்று பள்ளிவாசல் வாசலில் தயக்கத்துடன் கேட்பவர்கள் அவர்களே. அவர்களைக் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? ‘ஹராமான சம்பாத்தியம்’ என்று சொல்லி விலகிப் போகிறோம். அதே மாலையில் அதே கட்டடத்தின் முன்பக்கம் அமர்ந்து விருப்பத்தோடு உண்பவரின் படத்துக்கோ ‘மாஷா அல்லாஹ்’ என்று எழுதுகிறோம். நிர்ப்பந்தத்தால் பின்வாசலில் நிற்பவருக்கு ஃபத்வா, ஆசையால் முன்வாசலில் அமர்பவருக்கு வாழ்த்து! இந்தத் தராசு எந்த மத்ஹபிலிருந்து வந்தது?

நம் அமைப்புகளுக்கும் ஒரு சொல். விலக்கப்பட்டதைச் சொல்ல மேடை இருக்கிறது. அனுமதிக்கப்பட்டதைச் செய்ய இடமில்லை. தொழுகை முடிந்ததும் கதவு பூட்டப்படுகிறது. மாலை ஏழு மணிக்கு நம் இளைஞர் தம் பிறசமய நண்பரை எங்கே அழைத்துச் செல்வார்? பிரிக் லேனில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1743இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் அகதிகள் கட்டிய தேவாலயம், பின்னர் மெதடிஸ்ட் சபை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூதர்களின் தொழுகையிடம், 1976இலிருந்து பள்ளிவாசல். மூன்று சமயங்கள் தலைவணங்கிய சுவர்கள் அவை. வரலாற்றுக் கட்டடத்தைத்தான் நண்பருக்குக் காட்டவேண்டுமென்றால் இதைவிட எதைக் காட்டுவது? காட்டிவிட்டு அருகில் எங்கேனும் அமர்ந்து ஒரு கோப்பை காஃபி வாங்கிக் கொடுத்து, அது யமனிலிருந்து கார்ன்ஹில் வரை வந்த கதையைச் சொல்லலாமே.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் நான் கேட்பது பெரிதன்று. வாரத்தில் இரண்டு மாலைகளில் கீழ்த்தளக் கூடத்தைத் திறந்துவையுங்கள். நான்கு மேசைகளும் ஒரு காஃபிக் கொதிகலமும் போதும். பிறசமய நண்பர்களையும் அழைத்துவரலாம் என்று வாசலில் எழுதிவையுங்கள். பப்பின் பின்வாசலில் நிற்கும் அந்த மாணவர்களில் இருவருக்கு அங்கே பரிமாறும் வேலையைக் கொடுங்கள், சட்டப்படியான ஊதியத்துடன்.